கற்றாழை கட்டிய வாசல்

கற்றாழை வளர்ப்பது பெரிய வித்தை இல்லை. அதைக் கெடுக்காமல் இருப்பதுதான் வித்தை. மணல் கலந்த மண்ணில், வெயில் விழுகிற மூலையில் வைத்துவிட்டு அதன் பக்கம் போகாமல் இருந்தால் போதும், அது பாட்டுக்கு வளரும். பாசம் காட்டுகிறேன் பேர்வழி என்று தினமும் தண்ணீர் ஊற்றினால் அடி அழுகிச் செத்துப்போகும். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஒன்றைக் கொன்ற பிறகு தெரிந்துகொண்டேன்.

வில்லாபுரத்தில் நான் வாழப்போன வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு இருந்தது. துவைக்கிற கல்லைத் தாண்டிச் சாம்பல் கொட்டுகிற குழி. அதை ஒட்டி வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு சோற்றுக்கற்றாழைகள் நிற்கும். எல்லாம் என் மாமியார் வைத்தவை. நான் அவளை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பெரிய செடியைச் சுற்றிக் குட்டிகள் கிளம்பியதும் பிரித்து எடுத்து, இரண்டு நாள் நிழலில் காயப்போட்டு, பிறகுதான் நடுவாள். மடலை அறுத்தால் முதலில் மஞ்சளாகப் பால் வடியும். அதை வடியவிட்டுத் தோலைச் சீவி, உள்ளே இருக்கிற சோற்றை ஏழு தண்ணீரில் அலசினால்தான் வாயில் வைக்க முடியும். கோடையில் மோரில் போட்டுக் குடிப்போம். தலைக்கு எண்ணெய் காய்ச்சுவோம். அந்த மஞ்சள் பால் மட்டும் கையில் பட்டுவிட்டால் லேசில் விடாது. புளி போட்டுத் தேய்த்தாலும் சாம்பல் போட்டுத் தேய்த்தாலும் அடுத்த வேளை கையை வைக்கிற சோறு கசக்கும்.

கல்யாணமாகி ஒன்பதே மாதத்தில் என் கணவர் ரங்கூனுக்குப் போனார். அங்கே ஓர் அரிசி ஆலையில் வேலை. தெரிந்தவர் ஒருவர் கடிதம் போட்டு வரச்சொல்லியிருந்தார். போகிற அன்று காலையில் கிணற்றடிக்குப் போய் நல்ல கற்றாழை ஒன்றை வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தார். எங்கள் பக்கத்தில் வாசல் நிலைக்கு மேலே கற்றாழையைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடுவது வழக்கம். வீட்டுக்கு வருகிற கண்ணேற்றையெல்லாம் அது குடித்துக்கொள்ளும் என்பார்கள். ஏணி வைத்து ஏறிக் கட்டும்போது அது நிலையில் மோதிப் பெரிய மடல் ஒன்று நடுவில் பிளந்துவிட்டது. என் பின்னலிலிருந்த சிவப்பு ரிப்பனை உருவி அந்தப் பிளவில் சுற்றி முடிச்சுப் போட்டார். பிறகு கீழே இறங்கி என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இதுக்குத் தண்ணி வேணாம், மண்ணு வேணாம். காத்தைக் குடிச்சுக்கிட்டே கெடக்கும். நானும் அங்கிட்டு அப்புடித்தான் கெடப்பேன். இது பச்சையா இருந்தா நான் நல்லா இருக்கேன்னு வச்சுக்க. வாடிப்போச்சுன்னா வேற மாப்ள பாத்துக்க."

"போற நேரத்துல பேசுற பேச்சாடா இது?" என்று அத்தை அவர் முதுகில் ஓங்கி வைத்தாள்.

அவர் அதற்கும் சிரித்தார். மனிதருக்கு எல்லாமே விளையாட்டு. ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டியவர் 'போறேன்' என்று சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அத்தைக்கு அது காதில் விழுந்தது. எனக்கும் விழுந்தது. இரண்டு பேரும் கேட்காத மாதிரி நின்றோம்.

அன்றிலிருந்து அத்தை தினமும் வாசல் தெளிக்க வரும்போது அண்ணாந்து அதைப் பார்ப்பாள். எட்டி அந்த ரிப்பனைத் தொட்டுப் பார்ப்பாள். பிறகு என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போவாள். அந்தப் பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. வந்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் மகனைக் கப்பலேற்றிவிட்டாள் என்று என் ராசியை எடை போடுகிற பார்வையாக அது எனக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் அடை மழை பிடித்தது. ஒரு நாள் காலையில் வழக்கம்போல அத்தை பழைய சோற்றை மோர் விட்டுப் பிசைந்து உருட்டி என் கையில் வைத்தாள். வாயில் போட்டதும் நாக்கு சுருண்டுவிட்டது. அப்படி ஒரு கசப்பு. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் தன் உருண்டையைத் தின்றுகொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அந்தக் காலத்தில் மாமியார் மருமகளுக்குச் சோற்றில் மருந்து வைக்கிற கதைகளை எத்தனையோ கேட்டிருக்கிறேன். கொல்லைப்புறம் ஓடி முருங்கைமரத்தடியில் துப்பினேன், தொண்டைக்குள் விரலை விட்டு வாந்தியும் எடுத்தேன்.

அன்றோடு அவள் கையால் வாங்கித் தின்பதை நிறுத்தினேன். "எனக்கு வேணாத்தே, நானே போட்டுக்கிறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படி மூலைக்குப் போய்விடுவேன். ஏன் என்று அவள் கேட்கவே இல்லை. கேட்காததே எனக்குச் சாட்சியாகப் போயிற்று. ஒரே கூரைக்குள் இரண்டு பொம்பளைகள், ஒருத்தி இன்னொருத்தியைக் கொல்லப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மாதக்கணக்காக இருந்தேன். மாசி மாதத்தில் அவள் தொட்ட குழம்பு மறுபடி ஒரு நாள் கசந்தது. எனக்குச் சந்தேகம் உறுதியாகிவிட்டது.

இதற்கு நடுவில் மார்கழியில் சண்டை வந்து ரங்கூனில் குண்டு விழுந்தது. டவுனுக்குப் போய் வந்தவர்கள் சொன்னார்கள். மாதம் ஒன்று வந்துகொண்டிருந்த கடிதம் அதோடு நின்றது. நான் அஞ்சாம் கிளாஸ் வரை படித்தவள், கடிதங்களை நான்தான் அத்தைக்குப் படித்துக் காட்டுவேன். கடைசியாக வந்ததைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லுவாள். அதில் மழை, சாப்பாடு, செருப்புக் கடித்தது, இவ்வளவுதான் இருந்தது. பத்துத் தடவை படித்தாலும் செருப்புதான் கடித்தது.

சித்திரையில், ரங்கூனிலிருந்து காடு மலை தாண்டி நடந்தே வந்தவர்கள் ஒவ்வொருவராக ஊர் சேர்ந்தார்கள். அவனியாபுரத்தில் ஒருவர் வந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு அத்தையும் நானும் போனோம். முடியெல்லாம் கொட்டி, காலில் துணி சுற்றிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வயது முப்பதுதான் இருக்கும், பார்த்தால் அறுபது. தன் மகன் பெயரைச் சொல்லி, ஊரைச் சொல்லி, ஆலையைச் சொல்லி அத்தை கேட்டாள்.

"அந்த ஆலை ஆளுக எங்களுக்கு முந்தியே கெளம்பிட்டாகத்தா" என்றார் அவர். "வழியெல்லாம் கெடந்தாக. யாரு எவருன்னு குனிஞ்சு பாக்கல. குனிஞ்சா நாமளும் அங்கனயே படுத்துருவோம்."

திரும்பி வீட்டு வாசலுக்கு வந்ததும் அத்தை நிமிர்ந்து கற்றாழையைப் பார்த்தாள். அது பச்சையாகத்தான் இருந்தது. எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. வெட்கமாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன், அவர் விளையாட்டுக்குச் சொன்ன சொல்லை அதற்குள் நானும் வேதவாக்காக நம்பத் தொடங்கியிருந்தேன்.

என் கணவரின் அண்ணன் பக்கத்து வீட்டில் இருந்தார். நான் அவரைப் பெரிய மச்சான் என்பேன். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன், பயந்தவர். அந்தக் கோடையில் அவருடைய உழவுக்காளை ஒன்று கோமாரியில் செத்தது. அடுத்து அவர் மகளுக்கு அம்மை போட்டது. பிள்ளை பிழைத்துக்கொண்டாலும் அவர் மனசு பிழைக்கவில்லை. தம்பி செத்துவிட்டான், கருமாதி செய்யாததால் அவன் உயிர் வீட்டைச் சுற்றுகிறது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். வைகாசியில் நான்கு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து எங்கள் வாசலில் உட்கார்ந்தார்.

"ஆத்தா, இருக்கானா இல்லையான்னு எம்புட்டு நாளைக்குத்தான் பாக்குறது? செய்ய வேண்டியதைச் செஞ்சுருவோம். இந்தப் புள்ளையவும் அது அண்ணன் வீட்டுல கொண்டுபோயி விட்டுருவோம்."

நான் கதவுக்குப் பின்னால் நின்று தாலியைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு அப்பா இல்லை. அண்ணன் வீடு என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அண்ணன் மனைவியின் அடுப்படியில் வெள்ளைச்சேலையோடு ஒரு மூலை. எனக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஆனால் அதைவிட, செத்தார் என்று யாருமே பார்க்காத மனிதரை இவர்கள் நாள் குறித்துச் சாகடிக்கப் போகிறார்கள் என்றுதான் எனக்கு ஆத்திரமாக வந்தது.

அத்தை நிலையில் சாய்ந்து நின்றாள். கையை மேலே தூக்கிக் கற்றாழையைக் காட்டினாள்.

"எம்மகன் சொல்லிட்டுப் போயிருக்கான். இது பச்சையா இருக்குற வரைக்கும் அவன் இருக்கான். இது வாடட்டும், அன்னைக்கு நானே ஆள் விட்டுச் சொல்றேன். கருமாதியும் செய்யி, இவ தாலியவும் எறக்கு. அதுவரைக்கும் இந்த வாசல்ல இந்தப் பேச்சு வேணாம்."

பெரியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். சொல் சொல்தான். மச்சானும் ஒத்துக்கொண்டார். எனக்கோ அவள் என் கழுத்தில் கயிற்றை மாட்டி அதன் நுனியைக் கற்றாழையில் கட்டிவிட்ட மாதிரி இருந்தது. மகன்மேல் இருக்கிற பாசத்தில் என்னை அந்தரத்தில் தொங்கவிடுகிறாளே என்று மனசுக்குள் வைதேன்.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைதோறும் காலையில் பெரிய மச்சான் வருவார். செருப்பைக் கழற்ற மாட்டார், உள்ளே வர மாட்டார். நிலைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பார். அப்படியே திரும்பிப் போவார். அவர் தலை மறைகிற வரைக்கும் நான் அடுப்படியில் கையைப் பிசைந்துகொண்டு நிற்பேன்.

ஆனி மாதக் காற்று எதையும் காயவைத்துவிடும். மடல்கள் மெலிவதை நான்தான் முதலில் கவனித்தேன். ஓரங்கள் சிவந்தன, நுனிகள் சுருண்டன. தண்ணீர் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். ஆனால் கண்ணெதிரே வாடுகிறதைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சும்மா இருக்க முடியும்? அத்தை மதியத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போகிற நேரம் பார்த்து ஸ்டூலில் ஏறி, அரிசி களைந்த தண்ணீரை வேரில் தெளித்தேன். மறுநாளும் தெளித்தேன். மடல்கள் கொஞ்சம் நிமிர்ந்த மாதிரி இருந்தது. சந்தோஷத்தில் ஈரச்சாக்கை வேரில் சுற்றியும் வைத்தேன், அத்தை வருவதற்குள் அவிழ்த்துவிடுவேன். பத்து நாள் இப்படிப் போயிற்று. பதினோராம் நாள் அடிக்கட்டையைத் தொட்டேன். விரல் உள்ளே இறங்கியது. மோந்து பார்த்தேன், நாறியது.

விடிந்தால் வெள்ளிக்கிழமை.

அன்று தெருக்கோடியில் ஒரு சாவு. அத்தை அங்கே போயிருந்தாள். நான் கிணற்றடிக்கு ஓடினேன். தொங்குகிற செடியின் அளவுக்கு ஒன்றைத் தேடிப் பிடுங்கி மண்ணை உதறினேன். பழையதை இறக்கி ரிப்பனை அவிழ்த்தேன். புதுச்செடியின் பெரிய மடலை நகத்தால் நடுவில் பிளந்து, அவர் சுற்றிய மாதிரியே ரிப்பனைச் சுற்றினேன். பால் வடிந்து மணிக்கட்டு வரைக்கும் ஒழுகியது. கட்டித் தொங்கவிட்டுக் கீழே நின்று பார்த்தேன். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. அந்த நிமிஷத்தில் நான் என் புருஷனைக் காப்பாற்றிவிட்டேனா, கொன்றுவிட்டேனா என்று எனக்கே விளங்கவில்லை.

செத்ததை ஒளிக்க வேண்டும். சாம்பல் குழியின் ஓரத்தில் மண் இளக்கமாக இருக்கும். மண்வெட்டியை எடுத்து நான்கு வெட்டு வெட்டியிருப்பேன், ஏதோ தட்டுப்பட்டது. குனிந்து கையால் கிளறினேன். பாதி மக்கிய ஒரு கற்றாழை. அதன் பெரிய மடல் நடுவில் பிளந்திருந்தது.

இன்னும் தோண்டினேன். அதற்கு அடியில் இன்னொன்று, காய்ந்து தோலாகிப்போனது. அதிலும் ஒரு மடல் நடுவில் பிளந்திருந்தது, பிளவைச் சுற்றி ரிப்பன் அழுந்திய தடம். அந்த ஆழத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. கடைசியில் மூன்றாவது வந்தது. வெறும் வேர்க்கட்டையும் சருகும்தான். அதுதான் அவர் தன் கையால் கட்டியது.

நான் வெயிலில் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். ஐப்பசி மழையில் அது அழுகியிருக்கிறது. அவர் கடிதம் வந்துகொண்டிருந்தபோதே, குண்டு விழுவதற்கு முன்னாலேயே போய்விட்டது. அத்தை மாற்றியிருக்கிறாள். மாசியில் மறுபடி மாற்றியிருக்கிறாள். பிறகும் ஒரு தடவை, நான் கவனிக்காத ஏதோ ஒரு நாளில். மாற்றிய கையைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு வந்து எனக்குச் சோறு பிசைந்திருக்கிறாள். நான் அதை மருந்து என்று துப்பினேன். பெரியவர்களுக்கு முன்னால் கையைத் தூக்கிக்காட்டி அவள் பேசினாளே, அன்று அங்கே தொங்கியது மகன் கட்டிய செடி இல்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள். எத்தனை வேண்டுமானாலும் கிணற்றடியில் இருக்கிறது என்ற தைரியத்தில் என் தாலியை அதில் கட்டிவைத்தாள்.

அப்படியென்றால் மகன் திரும்ப மாட்டான் என்று ஐப்பசியிலேயே அவள் மனசு நினைத்துவிட்டது. நினைத்ததை என்னிடம் சொல்லாமல் எட்டு மாதம் வாசல் தெளித்திருக்கிறாள்.

நான்கையும் ஒன்றாகப் போட்டு மூடினேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் அத்தை தலைமுழுகிவிட்டு வந்தாள். வாசலில் ஒரு நிமிஷம் நின்றாள். ரிப்பனைத் தொடவில்லை. உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் சோற்றைப் போட்டு, குழம்பை ஊற்றி, என்ன செய்கிறோம் என்று தெரியாமல் பிசைந்தும் வைத்துவிட்டேன். அவள் ஒரு வாய் எடுத்தாள். மென்றாள்.

"சோறு கசக்குது" என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் தட்டில் இருந்ததை ஒரு பருக்கை விடாமல் தின்று முடித்தாள். தண்ணீர் குடித்தாள். கை கழுவ எழுந்தபோது, "குழியை நல்லா மூடுனியா? நாய் தோண்டிரப் போகுது" என்றாள்.

"மூடிட்டேன் அத்தே."

அதற்கு மேல் நாங்கள் அதைப் பற்றி ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை. மறுநாள் காலையில் அவள் பழைய சோற்றைப் பிசைந்தபோது நான் போய் எதிரில் உட்கார்ந்து கையை நீட்டினேன். அவள் என்னைப் பார்க்காமல் ஓர் உருண்டையை வைத்தாள். எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டு விழுங்கினேன். வெளியே பெரிய மச்சான் வந்து நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்.

பிறகு மூன்று வருஷம், ஒரு தடவை அவள், ஒரு தடவை நான். முறை என்று ஒன்றும் பேசிவைக்கவில்லை. சோறு கசந்தால் அவள் மாற்றியிருக்கிறாள் என்று அர்த்தம். ஊர் நம்பியது. பச்சை மாறாத கற்றாழை என்று சொல்லிக் கிணற்றடியிலிருந்து குட்டி வாங்கிப்போனவர்களும் உண்டு. அவர்களிடம் சிரித்துப் பேசிக் கொடுத்தனுப்புவோம். அவர்கள் போனதும் இரண்டு பேருக்கும் முகம் தொங்கிவிடும்.

சண்டை முடிந்த வருஷம் அத்தை காய்ச்சலில் விழுந்தாள். எட்டாம் நாள் நினைவு தப்பித் தப்பி வந்தது. பெரிய மச்சான் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார், நான் கால் பிடித்துக்கொண்டிருந்தேன். கண்ணைத் திறக்காமலே அவள் பேசினாள்.

"ஏத்தா, அது வாடுது. நாளைக்கு வெள்ளிக்கெழம. பெரியவன் வாரதுக்குள்ள மாத்திரு."

எனக்கு உயிரே போய்விட்டது. மச்சான் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு வாசல் பக்கம் திரும்பி நிலைக்கு மேலே பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அத்தை மறுபடி, "மாத்திட்டியா?" என்றாள்.

"மாத்தியாச்சு ஆத்தா" என்று மச்சான் சொன்னார்.

மறுநாள் அவள் போய்விட்டாள். பதினாறாம் நாள் கண்மாய்க்கரையில் காரியம். ஆத்தாளுக்குச் செய்யும்போது தம்பிக்கும் சேர்த்து மச்சான் செய்துவிடுவார் என்று ஊரெல்லாம் பேச்சு. என் அண்ணனும் வண்டி பூட்டிக்கொண்டு வந்திருந்தான், என்னைக் கூட்டிப்போக. செய்விக்க வந்தவர் பிண்டம் பிடிப்பதற்கு முன்னால், "எத்தனை பேருக்குண்ணே?" என்று கேட்டார்.

"ஆத்தாளுக்கு மட்டும்" என்றார் மச்சான். என் அண்ணன் வெறும் வண்டியோடு திரும்பிப் போனான்.

அதற்குப் பிறகு அவர் வெள்ளிக்கிழமைகளில் வரவில்லை. எங்கள் வீட்டுக்குள் வர நேர்ந்தாலும் நிலையில் தலையைக் குனிந்துகொண்டே வருவார், சாகிற வரைக்கும் மேலே பார்க்கவில்லை.

இப்போது அத்தை அன்று இருந்த வயதைத் தாண்டிவிட்டேன். அவர் வரவில்லை, வர மாட்டார். மூன்றாவது செடியைத் தோண்டி எடுத்த அன்றே எனக்குத் தெரியும். எனக்குக் கோபமெல்லாம் அவர் மேல்தான். ஏணியிலிருந்து இறங்கி வந்து சிரித்துக்கொண்டே ஒரு சொல்லைச் சொல்லிவிட்டுப் போனார், இரண்டு பெண்களின் ஆயுள் அதில் தொங்கியது. தாலி கழுத்தில்தான் இருக்கிறது. ரிப்பன் எத்தனையோ மாற்றியாயிற்று. கேட்க ஆள் இல்லை, அண்ணாந்து பார்க்கவும் ஆள் இல்லை. ஆனாலும் மடல் சுருளுகிறதைப் பார்த்தால் எனக்கு இன்னமும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, கிணற்றடிக்குத்தான் ஓடுகிறேன்.

நேற்று மாற்றினேன். சாயங்காலம் சோறு கசந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன்.